மாநில எல்லையைத் தாண்டக் கூடாத நோட்டரி

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. டெக்ஸாஸில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இதை எழுதுவதற்கு முன் அவளிடம் அனுமதி கேட்டேன். "பேர் போடாதீங்க. காலேஜ் பேர் போடாதீங்க. அழுகை சீனைக் குறைச்சு எழுதுங்க" என்றாள். யாருடைய அழுகை என்று கேட்டேன். "உங்களோடதுதான். நான் எங்க அழுதேன்?" என்றாள். அவள் இதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்வாள். தமிழ் நன்றாகப் புரியும், வாயில் முழுசாக வராது. நான் தமிழாக்கிக்கொள்கிறேன். அதில் அவளுடைய வேகமும் கிண்டலும் கொஞ்சம் குறைந்துதான் போகும்.

நான் இருப்பது நியூ ஜெர்சி, பார்சிப்பனி. மனைவி ஒன்றரை வருடமாகக் கலிஃபோர்னியாவில், டப்ளினில் இருக்கிறாள். வாரம் நான்கு நாள் நேரில் வந்தே ஆக வேண்டும் என்று அவளுடைய கம்பெனியில் பிடிவாதம். ஆக, மூன்று பேர், மூன்று மாநிலம், மூன்று கடிகாரம். நான் குளித்து, சாப்பிட்டு, முதல் மீட்டிங்கையும் முடித்த பிறகுதான் "எழுந்துட்டேன்" என்று மனைவியிடமிருந்து செய்தி வரும்.

போன குளிர்காலத்தில் ஒரு மழைநாள். ஃப்ரீவேயில் மகள் ஓட்டிப்போன காரை ஒரு பிக்கப் டிரக் பக்கவாட்டில் இடித்துவிட்டது. கார் இரண்டு சுற்று சுற்றித் தடுப்பில் மோதி நின்றது. தோள்பட்டை எலும்பில் விரிசல், நெற்றியில் ஐந்து தையல், வேறு ஒன்றும் இல்லை. இப்போது இதை நான்கு வரியில் எழுதிவிட்டேன். அன்று இந்த நான்கு வரி என் கைக்கு வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது.

அவளுடைய அறைத்தோழி கூப்பிட்டு, "அங்கிள், ஆக்ஸிடென்ட். ஹாஸ்பிடல் கூட்டிட்டுப் போயிருக்காங்க. எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றாள். நான் ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். நோயாளிக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது, உங்களிடம் விவரம் சொல்லலாம் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார். நான் பிறந்த தேதி சொன்னேன். ரத்தப் பிரிவு சொன்னேன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன். கேட்டிருந்தால் ராசி, நட்சத்திரம்கூடச் சொல்லியிருப்பேன். "சார், அந்தப் பெயரில் ஒருவர் இங்கே இருக்கிறாரா இல்லையா என்றுகூட என்னால் சொல்ல முடியாது" என்றார்.

இருக்கிறாரா, இல்லையா. அவர் விதிமுறையைத்தான் சொன்னார், வேறு ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்றும் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் போன் அடித்தால், யார் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துவிடுகிறேன்.

அந்த மூன்று மணி நேரத்தில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. வாட்சப்பில் போட்டேன். குடும்பக் குழுவில், கல்லூரி நண்பர்கள் குழுவில், கோயில் தன்னார்வலர் குழுவில், தவறுதலாக எங்கள் தெருவின் பனி அள்ளும் குழுவிலும். "மகளுக்கு ஆக்ஸிடென்ட், பிரார்த்தனை செய்யுங்கள்." மகள் கண் திறந்து போனைப் பார்த்தபோது நூறு செய்திக்கு மேல் வந்திருந்ததாம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனையே முடிந்துவிட்டிருந்தது. ஓர் அங்கிள் கைகூப்பும் படத்தை மட்டும் மூன்று முறை அனுப்பியிருந்தார். அது வேண்டுதலா அஞ்சலியா என்று அவளுக்கு இன்றுவரை சந்தேகம்.

நான் பறந்து போனேன், இரண்டு வாரம் கூட இருந்து ரசம் வைத்துக் கொடுத்தேன், திரும்பி வந்தேன். எலும்பு கூடியது. வசந்தம் வந்தது. கோடைக்கு அவளுக்குக் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் ஓர் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அம்மாவோடு டப்ளினில் தங்கலாம். எல்லாம் நல்ல செய்திதான். "தோழியோட கார்ல போறோம். மாத்தி மாத்தி ஓட்டுவோம். மூணு நாள்" என்றாள்.

"பிளைட்டுன்னு ஒண்ணு இருக்குதே கண்ணு."

"அப்பா, இப்ப ஓட்டலைன்னா நான் இனிமே ஓட்டவே மாட்டேன்."

அவளும் நடுங்கிப்போய்த்தான் இருக்கிறாள், அதை அவள் தைரியம் போலச் சொல்கிறாள் என்று புரிந்தது. அதனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கார் கிளம்பும் முன் எனக்கு ஒரு பேப்பர் வேண்டும். மறுபடி ஏதாவது ஆனால், இருக்கிறாரா இல்லையா என்று எனக்குச் சொல்லியே தீர வேண்டிய பேப்பர்.

இந்தப் பேப்பரைப் பற்றிச் சொன்னவர் என் ஆபீஸ் நண்பர், கீழக்கரைக்காரர். "என்ன சார் நீங்க, இதுகூடத் தெரியாமலா இருக்கீங்க? எங்க பையனுக்குப் பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கு, கேக் வெட்டறதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கிட்டேன். கையெழுத்து போட்டாத்தான் கத்தி கையிலன்னு சொல்லிட்டேன்ல" என்றார். நம் ஊரில் நிலத்துக்குப் பவர் எழுதிக் கொடுப்பது போல, இது உடம்புக்கான பவர். நான் பேச முடியாத நிலையில் இருந்தால் எனக்காக இன்னார் டாக்டரோடு பேசலாம், முடிவெடுக்கலாம் என்று எழுதிக் கொடுப்பது. டெக்ஸாஸ் படிவத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டாலே போதும். எனக்குப் போதாது. பச்சை மைக் கையெழுத்துக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் மார்க் ஷீட்டோடு காத்துக் கிடந்து வளர்ந்தவன் நான். முத்திரை இல்லாத காகிதத்தை என் மனசு காகிதமாகவே ஒப்புக்கொள்ளாது.

நோட்டரியைத் தேடி மகள் போக வேண்டாம், வீடியோவிலேயே முடித்துவிடலாம் என்று நண்பர் சொன்னார். வழிமுறை எளிது. ஓர் இணையதளத்தில் படிவத்தை ஏற்ற வேண்டும். ஓட்டுநர் உரிமத்தை முன்னும் பின்னும் படம் பிடித்துக் காட்ட வேண்டும். பிறகு கணினி ஐந்து கேள்விகள் கேட்கும். பழைய முகவரி, பழைய கார் என்று அரசாங்கப் பதிவுகளிலும் வங்கிப் பதிவுகளிலும் கிடப்பதையெல்லாம் கிளறி எடுத்த கேள்விகள். இரண்டு நிமிடத்துக்குள் குறைந்தது நான்குக்குச் சரியாகப் பதில் சொன்னால் நோட்டரி திரையில் வருவார். இரண்டு முறை தோற்றால் ஒரு நாள் முழுக்கக் கதவு சாத்தியிருக்கும்.

சனிக்கிழமை பயணம். வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்தோம். படிவத்தை நான்தான் முழுக்க நிரப்பியிருந்தேன். அவள் தன் அறையில் லேப்டாப் முன்னால். நானும் மனைவியும் போனில், ஸ்பீக்கரில்.

முதல் கேள்வி: இந்த நான்கு தெருக்களில் எதனோடு உங்களுக்குத் தொடர்பு உண்டு? அவள் வாசித்தாள்.

"எதுவும் இல்ல! நாம அங்கெல்லாம் இருந்ததே இல்ல. எதுவும் இல்லைன்னு போடு" என்றேன்.

"அப்பா, இதுல ஒண்ணு கேட்ட மாதிரி இருக்கு."

"ரெண்டு நிமிஷம்தான் கண்ணு, போ போ போ!"

அடுத்தது, அவள் பெயரில் இருந்த கார் எந்த ஆண்டு மாடல்? ஆண்டைக் கேட்டதுமே நான் கத்தினேன். நான் சொன்னது கார் வாங்கிய ஆண்டு, அவர்கள் கேட்டது கார் தயாரான ஆண்டு. ஐந்தில் மூன்று. தோல்வி.

"ஏங்க, பரீட்சை ஹாலுக்குள்ள பிட்டு தூக்கிப் போடற அப்பனாட்ட பண்றீங்க. சும்மா இருங்க" என்றாள் மனைவி. அவளுக்கு ஈரோடு. கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும்.

இரண்டாம் முறைக்கு நான் சத்தியம் செய்தேன். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசவும் இல்லை. ஆனால் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஏழு வயதில் செய்யுள் ஒப்பித்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து வாயசைத்துக் கொடுத்த அப்பா நான். இந்த வியாதி லேசில் போகாது. மறுபடி ஒரு முகவரிக் கேள்வி வந்தது. அவள் தயங்கினாள். நான் தொண்டையைக் கனைத்தேன். வேண்டுமென்றே இல்லை. ஆனால் அந்தக் கனைப்பை அவள் "இல்லை" என்று எடுத்துக்கொண்டாள். நான் "ஆமாம்" என்று கனைத்திருந்தேனா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. திரை சிவப்பானது. நாளை இதே நேரத்துக்குப் பிறகு வரவும்.

"அப்பா," என்றாள் மகள், "அவங்க நான் யாருன்னு கேக்கறாங்க. நீங்க யாருன்னு இல்ல."

அன்று இரவு தட்டில் சாதம் போட்டு உட்கார்ந்தபோதுதான், கேள்வியில் வந்த அந்தத் தெரு நினைவுக்கு வந்தது. பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் நண்பர் வீடு! அவள் பள்ளி முடித்த கோடையில் நாங்கள் வீடு மாறிக்கொண்டிருந்தோம், நடுவில் ஆறு வாரம் ஊருக்கு வேறு போனோம். கடிதமெல்லாம் நண்பர் வீட்டுக்கு வரட்டும் என்று முகவரி மாற்றிக் கொடுத்திருந்தோம். இங்கே நம்மவர்கள் செய்யாத காரியமா? ஒருவருடைய கிரீன் கார்டு இன்னொருவர் வீட்டு அஞ்சல் பெட்டியில் வந்து விழும், அந்த வீட்டு அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போன் செய்வார். மகளுடைய முதல் வங்கி அட்டை அங்கேதான் வந்தது. நாங்கள் ஒரு நாளும் குடியிருக்காத வீட்டில் அவள் குடியிருந்ததாக அமெரிக்கா நம்பிக்கொண்டிருக்கிறது. அதை மறுத்த ஒரே ஆள் நான்.

மறுநாள் காலை அவள் நிபந்தனையை மீறிக் கிளம்பினாள். நிபந்தனையை உடைத்தவனே நான் என்பதால் என்னால் வாய் திறக்க முடியவில்லை. ராகு காலம் பத்தரைக்கு முடியட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"எந்த ஊர் பத்தரை?" என்றாள் மனைவி. "உங்க ஊர் பத்தரைக்கு இங்க நான் பல்லே விளக்கல."

"கார் எங்க நிக்குதோ அந்த ஊர்."

பதினொரு மணிக்கு, அவர்கள் கணக்கில், கார் நகர்ந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைக்கச் சொல்லியிருந்தேன். நசுங்கிய பழத்தின் படம் வந்தது. "பச்சைதான் இருந்துச்சு, மஞ்சள் இல்ல. பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தாள். பரவாயில்லை என்று எழுதினேன். அரை மணி நேரம் யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

பிறகுதான் அடுத்த பயம் வந்தது. கதவு திறக்கும் நேரத்தில் அவர்கள் நியூ மெக்ஸிகோவுக்குள் போயிருப்பார்கள். படிவம் டெக்ஸாஸ் படிவம். நோட்டரி டெக்ஸாஸ் நோட்டரி. போய்ச் சேரும் இடமோ கலிஃபோர்னியா. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எல்லைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்லலாமா என்று ஊர் ஊராகப் பெட்ரோல் பங்க் தேடினேன். கடைசியில் அந்த இணையதளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். அன்று மாலை எங்களுக்கு ஒதுக்கியிருந்த நோட்டரி அம்மாவுக்கே இணைப்புக் கொடுத்தார்கள். வயதான குரல். அவசரம் என்பதையே கேள்விப்படாத குரல்.

நான் மூன்று மாநிலங்களையும் வரிசையாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உங்கள் மகள் எந்த மாநிலத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும். எல்லையைத் தாண்டக் கூடாதவள் நான்தான். என்னை நியமித்தது டெக்ஸாஸ். நான் டெக்ஸாஸ் மண்ணில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என் தங்கை ஒக்லஹோமாவில் இருக்கிறாள். இந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் நான் நோட்டரி இல்லை. லேப்டாப் வைத்திருக்கும் ஒரு கிழவி."

"கலிஃபோர்னியாவில் ஏற்பார்களா?"

ஒரு மாநிலத்தில் அந்த மாநிலச் சட்டப்படி சரியாகப் போட்ட முத்திரையை மற்ற மாநிலங்களும் மதிப்பதுதான் வழக்கம் என்றார். டாக்டர்களிடம் முன்கூட்டியே ஒரு பிரதி கொடுத்து வைப்பது நல்லது என்றும் சொன்னார்.

"நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அதனால் ஏதாவது..."

"நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே சார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது இதில் யாருக்கும் முக்கியமில்லை."

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் நான் தூக்கிக்கொண்டு திரிந்த பாரத்தை அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் இறக்கி ஓரமாக வைத்துவிட்டார். நடக்க வேண்டியதெல்லாம் நான் இல்லாமலே நடக்குமாம்! சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன், ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்களை.

மாலை எனக்கு எட்டு மணி, நோட்டரிக்கு ஏழு, மகளுக்கு ஆறு, மனைவிக்கு ஐந்து. நியூ மெக்ஸிகோவில் எல்லையைத் தாண்டிய முதல் ஊரில் ஒரு காப்பிக் கடை வாசலில் காரை நிறுத்தியிருந்தார்கள். நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. செய்தி வந்தது: "இப்ப வேணாம். நானே கூப்பிடறேன்."

அந்த ஐந்து கேள்விகளுக்கும் நான் வெளியே இருந்தேன். மணிக்கூண்டு போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஏழெட்டு நிமிடத்தில் இணைப்பு வந்தது. "அஞ்சுக்கு அஞ்சு. உள்ள வாங்க. பேசாம வாங்க."

திரையில் நான்கு கட்டங்கள். ஒன்றில் நோட்டரி அம்மா, பின்னால் சுழலும் மின்விசிறி, அலமாரி மேல் ஒரு மஞ்சள் பூனை. ஒன்றில் மகள், காரின் முன் இருக்கையில், வெயில் கண்ணில் அடிக்க. கண்ணாடிக்கு வெளியே தோழி சிப்ஸ் தின்றுகொண்டு நடப்பது தெரிந்தது. ஒன்றில் மனைவி, டப்ளின் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு. நான்காவது நான். இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி.

பேச வேண்டியது கையெழுத்துப் போடுபவர் மட்டும் என்றார் நோட்டரி. "எக்ஸ்கியூஸ் மீ மேடம், ஒரே ஒரு விஷயம்" என்றேன். இரண்டாவது ஒரே ஒரு விஷயத்தில் என் மைக்கை அவரே அணைத்துவிட்டார்.

உரிமத்தைக் காட்டச் சொன்னார். முகத்தைப் பார்த்தார். நெற்றித் தழும்பு உரிமப் படத்தில் இல்லை. அதை ஒரு நொடி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுத்ததற்குப் போனார். அந்த ஒரு நொடிக்காகவே அவருக்கு நான் கடன்பட்டவன். பிறகு கேட்டார்: "இது என்ன பத்திரம் என்று உங்களுக்குப் புரிகிறதா?" புரிகிறது. "இதில் கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா? உங்கள் சொந்த விருப்பத்தில்தான் போடுகிறீர்களா?"

மகள் யோசித்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான யோசனையை நான் பார்த்ததில்லை.

"மோஸ்ட்லி" என்றாள்.

"மோஸ்ட்லி என்று ஒரு பதில் என்னிடம் கிடையாது. ஆமாம் என்றால் தொடரலாம். இல்லை என்றால் இதை இப்போதே மூடிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போகலாம். எனக்கு இரண்டும் சம்மதம்."

கார் கிளம்பும் முன் வேண்டும் என்று அடம் பிடித்தது, படிவத்தை நானே நிரப்பியது, விடையைக் கத்தியது, கனைத்தது எல்லாம் கண்முன் வந்தது. கட்டாயம் என்றால் அது நான்தான், வேறு யார்? அவள் "இல்லை" என்று சொன்னால் அதுதான் உண்மையாக இருக்கும். நான் கைகளை ஆட்டி ஏதோ சொன்னேன். வேண்டாம் என்றால் வேண்டாம் கண்ணு என்று சொன்னதாக நினைவு. ஒருவருக்கும் கேட்கவில்லை.

"எங்கப்பா மூஞ்சியைப் பாருங்க" என்று நோட்டரியிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இதை ஆரம்பிச்சது அவர். ஆனா காலைலேர்ந்து ஓட்டிட்டே யோசிச்சேன். அன்னைக்கு நான் மயக்கமா இருந்தப்போ என் சார்பா பேச அங்க யாருமே இல்ல. ஆமாம். என் விருப்பத்துலதான் போடறேன்."

அவள் காலையிலிருந்து ஓட்டியிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எல்லையைத் தாண்டும்போதும் சக்கரம் அவள் கையில்தான் இருந்திருக்கிறது.

நோட்டரி படிவத்தைக் கீழே நகர்த்தினார். நின்றார். "இங்கே ஓர் இடம் வெற்றாக இருக்கிறது. உங்கள் பிரதிநிதியின் அதிகாரத்துக்கு ஏதாவது வரம்பு உண்டா என்கிற பகுதி. வெற்று இடத்தை வைத்துக்கொண்டு நான் முத்திரை போட மாட்டேன். எதுவும் இல்லை என்று எழுதுங்கள். அல்லது இருப்பதை எழுதுங்கள்."

அது நான் விட்ட இடம். எல்லாக் கட்டத்தையும் மூன்று முறை சரிபார்த்த நான், அப்பாவின் அதிகாரத்துக்கு வரம்பா என்று அதை வாசிக்காமலே தாண்டிப் போயிருந்தேன்.

"நான் எழுதலாமா?" என்றாள் மகள்.

"பத்திரம் உங்களுடையது."

அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். திரையில் எழுத்து எழுத்தாக வந்தது, நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தமிழில் சொன்னால் இப்படி: "என் பிரதிநிதி என்னைப் பற்றி எந்தக் குழுவிலும் எதுவும் போடக் கூடாது." முற்றுப்புள்ளி. "வேறு யாரிடமும் பேசுவதற்கு முன் அம்மாவிடம் பேச வேண்டும்." முற்றுப்புள்ளி. கொஞ்சம் நின்றாள். "எந்த முடிவும் எடுப்பதற்கு முன் அவர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும்."

நான் திரைக்குள் கையை நீட்டாத குறை. நோட்டரி என்னைப் பார்த்தார். "சார், நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது" என்றார். மனைவியின் கட்டத்தில் கத்தி பலகை மேல் கிடந்தது. அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல்.

இந்த வாசகங்கள் ஆஸ்பத்திரியில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று தான் ஆலோசனை சொல்ல முடியாது, அது வக்கீல் வேலை என்றார் நோட்டரி. மகள் தலையாட்டினாள். விரலால் கையெழுத்துப் போட்டாள். டெக்ஸாஸில் ஒரு பூனை கொட்டாவி விட்டது. நோட்டரி எதையோ அழுத்தினார், திரையில் முத்திரை வந்து உட்கார்ந்தது. கண்ணாடிக்கு வெளியே தோழி சிப்ஸ் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள். இந்த வீடியோவைச் சில ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமாம், அதுவும் சட்டம். என் ஊமைக்கூத்து முழுவதும் எங்கோ ஒரு கணினியில் அரசாங்க மரியாதையோடு தூங்குகிறது.

நோட்டரி போன பிறகு எனக்குக் குரல் திரும்பி வந்தது. "ஏங்கண்ணு, இதைச் சட்டப் பத்திரத்துலயா எழுதுவ? என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன்பா. நாலு தடவை சொன்னேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியறதுக்கு முன்னாடி பிரிட்ஜ்வாட்டர்ல தெரிஞ்சிருச்சு. நான் கண் முழிச்சதும் என்னைப் பத்தின நியூஸை மத்தவங்க எனக்குச் சொல்றாங்க. அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லாத அதே மூன்று மணி நேரத்தில், நான் எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப நான் நிரப்பின என் பேரை ஏன் மாத்தாம விட்ட? உங்கம்மாவைப் போட்டிருக்கலாமே."

"அம்மா போனை சைலன்ட்ல போட்டுட்டுத் தூங்குவாங்க. நீங்க அரை ரிங்குல எடுப்பீங்க."

"உண்மைதானுங்க" என்றாள் மனைவி, வெண்டைக்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனேன். காரில் வைத்துப் பத்திரத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். நீல முத்திரை, அழகான முத்திரை. என் கட்டைவிரல் பழக்கத்தில் பகிரும் அம்புக்குறி மேல் போய் நின்றது. குழுக்கள் வரிசையாக விரிந்தன. குடும்பம், கல்லூரி, கோயில், பனி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.

தரிசனம் முடிந்து கேன்டீனில் புளியோதரையோடு வரிசையில் நிற்கும்போது மகள் கூப்பிட்டாள். அரை ரிங்கு.

"அப்பா, பயப்படாதீங்க. அரிசோனால இருக்கோம். டயர் ஒண்ணு காத்து இறங்கிடுச்சு. ஷாப்ல போட்டுட்டோம், நாங்க நல்லா இருக்கோம். யாராவது சொல்லித் தெரிய வேண்டாம்னு நானே சொல்றேன்."

சுற்றிலும் தெரிந்த முகங்கள். அரிசோனாவில் டயர் மாற்றுவது பற்றி அந்தக் கூடத்தில் குறைந்தது இருபது பேருக்குக் கருத்து இருக்கும். நான் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். மனைவியைக் கூப்பிட்டேன். அதிசயமாக முதல் முறையிலேயே எடுத்தாள்.

"உக்காந்துட்டீங்களா?" என்றாள்.

"உக்காந்துட்டேன்."

"தண்ணி?"

"ஆச்சு."

"சரி, இப்பச் சொல்லுங்க. எனக்கும் இப்பத்தான் சொன்னா. ரெண்டு பேருக்கும் தனித்தனியாச் சொல்லியிருக்கிறா பாருங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கேன்டீனில் தனியாக உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரிக்கும் ஆளைப் பார்த்து, விபத்தன்று அர்ச்சனைக்குச் சொல்லிவைத்த ஆன்ட்டி தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு? பாப்பா எப்படி இருக்கா? ஏதாச்சும்னா சொல்லுங்க, குரூப்ல போட்டுரலாம்."

"நல்லா இருக்கா ஆன்ட்டி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஆன்ட்டி" என்றேன். புளியோதரையில் கடலை நிறைய இருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றேன்.